ஜெயசித்ரா விட்ட சீட்

2018 ஆடி மாதம், ஒரே வாரத்தில் ஜெயசித்ராவுக்கு இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை மாநில கவுன்சலிங்கில் ஒன்று: மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி, அரசு ஒதுக்கீடு. வெள்ளிக்கிழமை அகில இந்திய ஒதுக்கீட்டில் இன்னொன்று: பெங்களூரில் ஓர் அரசுக் கல்லூரி.

வீரகேரளம்புதூரில் அவர்கள் தெருவிலிருந்து போலீசுக்குப் போனவர்கள் உண்டு, பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு. டாக்டருக்குப் படிக்கப் போனவர் யாரும் இல்லை. அவள் அப்பா சுந்தரபாண்டியன் தென்காசி ஸ்டேஷனில் ஏட்டு. பெங்களூர் சீட் வருவதற்கு முன்பே, புதன்கிழமையே, அவர் மதுரைக் காலேஜுக்கான ஏற்பாடுகளை முடித்துவிட்டார்.

கீழப்பாவூர்க்காரரான கடற்கரை என்பவர் ஒரு வேன் வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளைச் சனிக்கிழமை மத்தியானம் அந்தக் காலேஜ் வாசலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருவார். திங்கட்கிழமை காலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். சுந்தரபாண்டியன் நேரில் போய் லைசென்ஸ் பார்த்தார், டயரைக் குனிந்து பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் தன் மகளுக்கு என்று சொல்லி வைத்துவிட்டு வந்தார். அம்மா டெய்லரிடம் அந்தக் காலேஜ் கேட்ட அளவில் முழுக்கை வெள்ளைக் கோட்டுத் தைக்கக் கொடுத்தாள். ஹாஸ்டலில் சலவைக்குப் போட்டால் மாறிவிடும் என்று காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் தானே பெயரும் தைத்தாள்: எஸ். ஜெயசித்ரா, வீ.கே.புதூர்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வீட்டில் பேச்சு மாறியது.

"பெங்களூர்ல பிள்ளைக்கு ஒரு காய்ச்சல்னா நாம போய்ச் சேரவே ஒரு நாள் ஆவும்," என்றார் அப்பா. "மதுரைன்னா மூணு மணி நேரம். வாராவாரம் வந்துட்டுப் போவலாம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

ஜெயசித்ராவுக்குப் பெங்களூர் போக ஆசை இருந்தது. அங்கே அவளை ஏட்டையா மகள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அதே அளவுக்குப் பயமும் இருந்தது. சேரக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. காலையில் ஒன்று சொல்லுவாள், சாயங்காலம் வேறொன்று சொல்லுவாள்.

அந்தச் சமயத்தில்தான் உமாராணி போன் செய்து, நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

உமாராணி பாவூர்சத்திரத்துப் பெண். தென்காசி நீட் கோச்சிங்கில் ஒரு வருடம் ஜெயசித்ராவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அப்பா இல்லை. அம்மா வள்ளித்தாய் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை செய்து அவளைப் படிக்க வைத்தாள். ரேங்க் பட்டியலில் உமாராணி ஜெயசித்ராவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாள். முதல் சுற்றில் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

காசி விசுவநாதர் கோயில் முன்னால் இருவரும் சந்தித்தார்கள். சாரலும் காற்றும் சேர்ந்து அடித்தது. துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு பூக்கடை ஓரமாக ஒதுங்கினார்கள்.

"நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாத," என்றாள் உமாராணி. "நீ எந்த காலேஜுக்குப் போற?"

"இன்னும் முடிவு பண்ணலட்டி."

"மதுரை காலேஜுக்கு எனக்கு முன்னால மூணு பேரு நின்னாவ. ரெண்டு பேரு எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் போயிட்டாவ. பாக்கி நீ மட்டுந்தான். நீ பெங்களூர் போனா அந்த சீட் ரெண்டாவது ரவுண்டுல எனக்கு வரும்." உடனே சேர்த்துச் சொன்னாள்: "விட்டுக்குடுன்னு கேக்க வரல ஜெயா. உனக்கு எது நல்லதோ அதச் செய். ஆனா எதுனாலும் சீக்கிரம் சொல்லிரு. எங்கம்மா தெனமும் கேக்கா. நான் என்ன சொல்ல?"

பஸ்ஸில் வீடு திரும்பும்போதே ஜெயசித்ரா முடிவு செய்துவிட்டாள். பெங்களூர். அத்தனை நாள் தள்ளாடிய மனசு அரை மணி நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தனக்கும் ஆசைப்பட்டது, இன்னொருத்திக்கும் வாழ்வு. நல்ல காரியம் செய்கிறோம் என்று அவளுக்கு அன்று அவ்வளவு நிறைவாக இருந்தது. அப்பாவிடமும் அதையே சொன்னாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பிள்ளைக்காவத்தான் போறியா, உனக்காவப் போறியா?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டுக்குந்தான்," என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது சுற்றில் உமாராணிக்கு அந்த சீட் வந்தது. வள்ளித்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பை நிறையக் காய்கறியோடு வீட்டுக்கு வந்தாள். ஜெயசித்ராவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெங்களூர்க் காலேஜில் கேட்டது அரைக்கைக் கோட்டு. அதனால் முழுக்கைக் கோட்டை அம்மா உமாராணியிடம் கொடுத்தாள்.

"பேரைப் பிரிச்சிட்டு உன் பேரைத் தச்சித் தாரேன்."

"வேண்டாம் அத்தை, இருக்கட்டும்," என்று உமாராணி கோட்டைப் போட்டுப் பார்த்தாள். "அவ சீட்டு, அவ கோட்டு, அவ பேரு. எல்லாம் சேந்தே வரட்டும்."

அப்பா அங்கேயே கடற்கரைக்குப் போன் போட்டார். "எம்மவளுக்குன்னு சொன்ன ஜன்னலோரத்த இந்தப் பிள்ளைக்குக் குடும். நல்லாப் பாத்துக்கிடணும், என்ன?"

ஒன்றரை வருடம் நன்றாகப் போயிற்று. கோச்சிங்கில் பக்கத்தில் இருந்தபோது இல்லாத நெருக்கம் தூரத்தில் போன பிறகு வந்தது. மெழுகில் பல் செதுக்கியதைப் படம் எடுத்து ஒருத்திக்கொருத்தி அனுப்பிக்கொள்வார்கள். உமாராணியின் கடைவாய்ப் பல்லைப் பார்த்து ஜெயசித்ரா, "இது பல்லா, பலாக்கொட்டையா?" என்பாள். ஒரு சீனியர் கோட்டின் காலரைப் பார்த்துவிட்டுத் தன்னை ஜெயசித்ரா என்றே கூப்பிடுவதாக உமாராணி ஒரு நாள் சொன்னாள். "நானும் திருத்தல. ரெண்டு பேரு இருந்தா நல்லதுதான?" என்று சிரித்தாள்.

2019 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஜெயசித்ரா வீட்டுக்குப் பேசும்போது, "லீவு கெடச்சா சனிக்கிழமை வாரேன்ப்பா. மதுரையில எறங்கி உமாராணி கூட வேன்ல வந்துருவேன்," என்றாள். லீவு கிடைக்கவில்லை. அதை அவள் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. வராவிட்டால் வரவில்லை என்று தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, புளியங்குடிக்கு வடக்கே, எதிரே வந்த டிப்பர் லாரி ஒன்று வளைவில் ஏறி வேன் மேல் மோதியது. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் இருந்த பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். அடையாள அட்டை இருந்த கைப்பை தெறித்து வயலுக்குள் கிடந்தது. அது மறுநாள்தான் கிடைத்தது. மடியில் மடித்து வைத்திருந்த கோட்டின் காலரில் பெயர் இருந்தது. அங்கே வந்த எஸ்.ஐ. முன்பு தென்காசியில் வேலை பார்த்தவர். வீ.கே.புதூரிலிருந்து பல் டாக்டருக்குப் படிக்கும் ஜெயசித்ரா என்றால் யார் மகள் என்று அவருக்குத் தெரியும்.

சுந்தரபாண்டியன் அப்போது குற்றாலத்தில் இருந்தார். ஐயப்ப சீசன். மெயின் அருவியில் சாமிமார் கூட்டத்தை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். போனில் எஸ்.ஐ. சொன்னதைக் கேட்டதும் மகளுடைய நம்பரைப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு பைக்கை எடுத்தார். இலஞ்சி, தென்காசி, கடையநல்லூர் என்று புளியங்குடி ஆஸ்பத்திரிவரை ஒரு மணி நேரம், தன் மகள் செத்துப்போனாள் என்ற நினைப்போடு ஓட்டிக்கொண்டு போனார்.

ஜெயசித்ரா பெங்களூரில் லேபில் இருந்தாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். ஐந்து மணிக்கு வெளியே வந்து போனைப் போட்டபோது நாற்பத்தொரு தவறிய அழைப்புகள். கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"ஏட்டி, நீதான பேசுத?"

"ஆமாப்பா. என்னாச்சு?"

"இன்னொரு தடவ சொல்லு. நீதான?"

அவள் சொன்னாள். அதன் பிறகு அப்பா தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. போன் வேறு ஒரு போலீஸ்காரர் கைக்குப் போனது. அவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

அவள் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் பாவூர்சத்திரத்துக்கு அம்மாவோடு போனாள். வள்ளித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெயசித்ராவை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

பெங்களூர் திரும்பி இரண்டு வாரம் கழிந்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடித்தது. உமாராணியின் நம்பர். ஹாஸ்டல் படியில் நின்றவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வள்ளித்தாய் பேசுதேன். இன்னிக்கு என்ன படிச்ச?"

"அத்தை..."

"அவ டெய்லி ஆறு மணிக்குச் சொல்லுவா. இன்னது படிச்சேன், இன்னது செஞ்சேன்னு. நீயும் அதே படிப்புதான? சொல்லு."

ஜெயசித்ரா சொன்னாள். அன்று கீழ்த்தாடை நரம்பைப் பற்றி வகுப்பு. எந்த இடத்தில் ஊசி போட்டால் பாதி உதடு மரத்துப்போகும் என்று சொன்னாள். வள்ளித்தாய் முழுவதும் கேட்டாள். முடிந்ததும், "சரி, வைக்கேன்," என்றாள்.

மறுநாளும் ஆறு மணிக்கு அடித்தது. அதற்கு மறுநாளும்.

சில மாதத்தில் ஊரடங்கு வந்து, ஜெயசித்ரா வீட்டுக்கு வந்து மொபைலில் பாடம் கேட்கத் தொடங்கினாள். அப்போதும் ஆறு மணிக்குப் போன் வரும். அப்பாவும் அம்மாவும் பார்க்க, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். அவளுடைய நாள் இரண்டாகப் பிளந்துபோனது. பகலில் ஒரு பாடத்தைப் படிக்கும்போதே, இதை ஆறு மணிக்கு எப்படிச் சொல்வது என்று மனசு ஓடும். புரியாத இடம் வந்தால், உமாராணியாக இருந்தால் இதை எப்படிக் கேலி செய்து சொல்லியிருப்பாள் என்று யோசிப்பாள். பரீட்சையில் தேறினால் தான் தேறினோமா, அவளுக்காக எழுதினோமா என்று சந்தேகம் வரும். தூக்கத்துக்கு முன்னால் வருகிற கேள்வி வேறு. அன்று அப்பா கேட்டதற்கு ரெண்டுக்குந்தான் என்று சொன்னது நிஜமா? உமாராணி பூக்கடை ஓரம் நின்று கேட்டிருக்காவிட்டாலும் தான் பெங்களூருக்குத்தான் போயிருப்போமா? அப்படி என்றால் உமாராணிக்குக் கொடுத்தது எதை?

ஹாஸ்டல் அறையில் கூட இருந்த ஹஸீபா கடையநல்லூர்ப் பெண். காலேஜ் மறுபடி திறந்த பிறகு ஒரு நாள் அவள் கேட்டேவிட்டாள். "நேத்து நீ வார்டுக்கே போகல. காய்ச்சல்ல படுத்துக் கிடந்த. அவங்ககிட்ட மட்டும் மூணு பல்லு பிடுங்குனேன்னு சொல்லுத?"

"உமாராணிக்குக் காய்ச்சல் இல்லல்லா," என்றாள் ஜெயசித்ரா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

மூன்றாம் வருடப் பரீட்சை முடிந்து ஊர் வந்தபோது, வள்ளித்தாயைப் பார்க்க நேரே மார்க்கெட்டுக்குப் போனாள். காலை நேரம். லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய சுமை தூக்குகிறவர் ஒருவர் வழி விட்டு நின்று, "வள்ளித்தாய் அக்கா மவளா? மூணாவது வருசம் பாஸாயிட்டியாமே. எல்லாத்துக்கும் லட்டு குடுத்தாவ," என்றார். அவர் புதிதாக வந்தவர். பக்கத்திலிருந்த பழைய ஆள் அவர் கையைப் பிடித்து இழுத்தார். வெங்காயக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "வா," என்றாள். முகத்தில் கூச்சமோ மறைப்போ இல்லை. ஜெயசித்ரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல், வெங்காயத்தைப் பொறுக்கிப் போடத் தொடங்கினாள்.

வீட்டில் அப்பா வேறு ஆளாகிவிட்டிருந்தார். ஏட்டையா வந்தால் தெருவே நிமிரும், அப்படி இருந்தவர். இப்போது மகளிடம் பேசும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. மதுரை ரோட்டுப் பக்கம் டூட்டி போட்டால் வேறு ஆளிடம் மாற்றிக்கொள்வார். கால் ஒடிந்து வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட கடற்கரையைப் பார்க்க மாதம் ஒரு தரம் போவார்.

2022 சாரல் சீசனில் ஒரு நாள் அவருக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. மத்தியானச் சாப்பாட்டை ஜெயசித்ரா கொண்டுபோனாள். தண்ணீர் கூடிக்கொண்டே வந்ததால் குளிக்கக் கூடாது என்று ஆட்களை வெளியேற்றி, கயிறு கட்டியிருந்தார்கள். கூட்டம் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அப்பா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அருவியைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். முதலில் சொன்னது அவள் காதில் விழவில்லை. கிட்டே போய் நின்றாள்.

"அன்னைக்கு நீ போன் பண்ணுததுக்கு முன்னால, ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிக் காட்டுனாவ," என்றார். "நீ இல்ல. பாத்த ஒடனே நான் என்ன சொன்னேன் தெரியுமா? எம்பிள்ள இல்ல, எம்பிள்ள இல்லன்னு சொன்னேன். சத்தம் போட்டுச் சொன்னேன். சிரிச்சேன் ஜெயா. கீழ உக்காந்து ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுச் சிரிச்சேன். அந்தப் பிள்ள அங்கன கெடக்கு. அது யாருன்னு எனக்குத் தெரியும். என் கையால எடம் பிடிச்சிக் குடுத்த பிள்ள. அது கெடக்கு, நான் சிரிக்கேன்."

சாரல் தண்ணீர் அவர் தொப்பியிலிருந்து வழிந்தது.

"அம்மாட்ட சொன்னீயளா?"

"யாருட்டயும் சொல்லல. அந்த வள்ளித்தாய் தங்கச்சி மொகத்துல முழிக்க முடியல எனக்கு. நீ டெய்லி அவட்ட பேசுத. எப்படிட்டி பேசுத?"

அன்று பெங்களூரில் லாக்கர் முன்னால் நின்று செய்தி கேட்டபோது அவளுக்கும் முதலில் வந்தது துக்கம் இல்லை. நான் இல்லை என்பதுதான். ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அப்பாவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஓர் ஆள் கயிற்றைத் தாண்ட, அப்பா விசில் ஊதிக்கொண்டே ஓடினார்.

படிப்பும் பயிற்சியும் 2023 முடிவில் முடிந்தன. கடைசி நாள் ஆறு மணிக்குப் பேசியபோது வள்ளித்தாய், "இத்தோட முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். முடிந்தது என்றாள் ஜெயசித்ரா. "அப்போ இனி என்ன கேக்க," என்று வைத்தவள்தான். மறுநாள் போன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. ஜெயசித்ரா தென்காசியில், குற்றாலம் ரோட்டில் உள்ள ஒரு பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சாயங்காலம்தான் கூட்டம். ஆறு மணி ஆனால் கை தானாக நின்றுவிடும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேஷன்ட் அவளைப் பார்ப்பார்.

கூப்பிடலாம் என்று பல முறை போனை எடுத்தாள். எதைச் சொல்வது? அப்பா சொன்னது நெஞ்சில் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு அந்த அம்மாவோடு சும்மா பேச முடியாது என்று தோன்றும். வைத்துவிடுவாள்.

அடுத்த வருடம் ஆவணியில், கன்னம் வீங்கி, துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு வள்ளித்தாயே கிளினிக்குக்கு வந்தாள். மற்றவர்களைப் போல டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தாள். ஜெயசித்ரா மாத்திரை எழுதிக் கொடுத்து, வீக்கம் வற்றியதும் ஐந்தாம் நாள் வரச் சொன்னாள். கீழ்க் கடைவாய்ப் பல், வேர்வரை சொத்தை. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஐந்தாம் நாள் ஊசி போட்டாள். மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும். உதவிக்கு இருந்த பெண் வெளியே போயிருந்தாள். அறையில் அவர்கள் இருவர்தான்.

"அத்தை, உங்கட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஜெயசித்ரா. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில எங்கப்பா..." தொடங்கிவிட்டாளே தவிர, எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. "அப்பா மொதல்ல நான்னு நெனச்சிட்டாவ. இல்லன்னு தெரிஞ்சதும்..."

"சிரிச்சாரு," என்றாள் வள்ளித்தாய்.

ஜெயசித்ரா அவளையே பார்த்தாள்.

"நான் பின்னாலதான் நின்னேன். வேன் கவுந்துட்டுன்னு கூட வந்த பிள்ள ஒண்ணு போன் பண்ணிச்சு. மார்க்கெட்டுல ஒரு லோடு வண்டியில ஏறி வந்தேன். எம்மவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னுதான் வந்தேன். நான் நடைக்கு உள்ள வாரேன், அண்ணாச்சி எம்பிள்ள இல்ல, எம்பிள்ள இல்லன்னு சிரிக்காரு." மரத்துப்போகத் தொடங்கிய உதடு ஒரு பக்கமாகக் கோணியது. வார்த்தை குழறியது. "அவரு பிள்ள இல்லன்னா யாரு பிள்ள? அப்படித்தான் எனக்குத் தெரிஞ்சது."

வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள். ஜெயசித்ரா சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சிக்கிட்டா என்னட்ட டெய்லி பேசுனீய?"

"தெரிஞ்சிக்கிட்டுத்தான் பேசுனேன். மொதல்ல உன்ன நிம்மதியா இருக்க விடக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பதிலு. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அவ ஞாவகம் உனக்கு வரணும்." வள்ளித்தாய் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது தெரியவில்லை போல, இன்னும் ஒரு முறை அழுத்தினாள். "பொறவு நீ சொல்லுதத கேக்க ஆசையாயிட்டு. அவ படிக்காத மாதிரியே இல்ல. நீ ஒரு நாளு பொய் சொன்ன, மூணு பல்லு எடுத்தேன்னு. கொரல்லயே தெரிஞ்சிட்டு, உனக்குக் காய்ச்சல்னு. அன்னைக்குத்தான் உம்மேல கோவம் போச்சு."

"அப்பா மேல?"

"அது போவல," என்றாள். "நானா இருந்தாலும் அப்படித்தான் சிரிச்சிருப்பேன். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போவல. நான் பின்னால நின்னேன்னு அவருட்ட சொல்லிராத. அவரு தாங்க மாட்டாரு." பிறகு வாயைத் திறந்தாள். "எடு. மரத்துட்டு."

ஜெயசித்ரா கையுறையை மாற்றினாள். பல் சுலபமாக வரவில்லை. இரண்டாகப் பிளந்து எடுக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் வள்ளித்தாய் அசையாமல், கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் போட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் பேசக் கூடாது, துப்பக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னாள். வள்ளித்தாய் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு தையல் பிரிக்க ஒரு தரம் வந்தாள். புண் ஆறியிருந்தது. வேறு பேச்சு எதுவும் இல்லை. இப்போது எப்போதாவது, கீரையோ வெங்காயமோ ஒரு பையில் கட்டி, மார்க்கெட்டிலிருந்து தென்காசி வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறாள்.

சுந்தரபாண்டியன் போன வருடம் ஓய்வு பெற்றார். சாயங்காலம் மகளைக் கூட்டிப் போக பைக்கோடு கிளினிக் வாசலில் வந்து நிற்பார். ஒரு நாள் அவள் கையில் இருந்த வெங்காயப் பையைப் பார்த்தார்.

"அந்தத் தங்கச்சி வந்துச்சா?"

"குடுத்து அனுப்புனாவப்பா."

"என்னயப் பத்தி எதுவும் கேக்குமா?"

ஜெயசித்ரா பையைப் பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"கேப்பாவ," என்றாள். "அண்ணாச்சி நல்லா இருக்காவளான்னு கேப்பாவ."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பினார்.